டி.எஸ்.சி.யா, டி.ஜி.ஏ.யா, இரண்டும் சேர்ந்ததா? மருந்து, அழகுசாதனம், நுண்துளைச் சிலிக்கா ஆகியவற்றை ஆராயும் கொழும்பு ஆய்வுகூடமொன்றுக்கான ஒப்பீடு

கொழும்பிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மருந்துக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளோ, அழகுசாதனப் பொருள் தயாரிப்போரோ, பல்கலைக்கழக இரசாயனவியல் துறைகளோ வெப்பப் பகுப்பாய்வுக் கருவி வாங்க முற்படும்போது, ஒதுக்கப்பட்ட பணம் பெரும்பாலும் ஒரு கருவிக்குத்தான் போதுமானதாக இருக்கும். எதை வாங்குவது என்பதற்கு விற்பனையாளரின் சிற்றேடு விடை தராது. சிற்றேட்டில் எல்லாக் கருவியும் எல்லா வேலையும் செய்யும். கிண்ணத்தில் வைக்கப்போகும் பொருள் எது, அதனிடம் கேட்கப்போகும் கேள்வி எது என்பவைதான் தெரிவைத் தீர்மானிக்கின்றன. மருந்துப்பொருள், அழகுசாதனம், நுண்துளைச் சிலிக்கா ஆகிய மூன்றும் ஒரே ஆய்வுகூடத்துக்கு வந்துசேரும் நிலையை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. மருந்தைச் சிலிக்காவின் துளைகளுக்குள் ஏற்றிக் கரைதலைக் கூட்டுவதும், நறுமணத்தையும் எண்ணெயையும் சிலிக்காவில் உறிஞ்சவைத்து முகப்பூச்சில் சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டதால், இம்மூன்றும் இன்று ஒரே மேசையில் சந்திப்பது அரிதன்று.

முன்னாலுள்ள தெரிவுகள் நான்கு. முதலாவது டி.எஸ்.சி.; மாதிரிக் கிண்ணத்தையும் வெறுங்கிண்ணத்தையும் ஒரே வேகத்தில் சூடாக்கி, இரண்டுக்கும் செல்லும் வெப்பத்தின் வேறுபாட்டை அளப்பது. உருகுதல், பளிங்காதல், கண்ணாடி நிலைமாற்றம் (பளிங்காகாமல் கண்ணாடிபோல் இறுகிய பொருள் இளகத் தொடங்குவது) போன்றவை இதில் தெரியும். 1962 இல் பேர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சனும் ஓனீலும் உருவாக்கிய கருவி இது. இரண்டாவது டி.ஜி.ஏ.; உலைக்குள் தொங்கும் தராசில் மாதிரியை வைத்து, வெப்பநிலை ஏற ஏற அதன் திணிவு எப்படிக் குறைகிறது என்று பதிவு செய்வது. ஜப்பானியரான கொத்தாரோ ஹொண்டா 1915 இல் அமைத்த வெப்பத்தராசின் வாரிசு. மூன்றாவது, திணிவையும் வெப்பத்தையும் ஒரே மாதிரியில் ஒரே நேரத்தில் அளக்கும் எஸ்.டி.ஏ. நான்காவது, கருவியே வாங்காமல் மாதிரிகளைக் கட்டணத்துக்கு வெளியே அனுப்புவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வகைப் பொருளையும் கையாளும் ஆய்வுகூடம் ஒன்றே ஒன்றை வாங்க முடியுமானால், குளிர்விப்பானுடன் கூடிய டி.எஸ்.சி.யை வாங்கவேண்டும், திணிவு பற்றிய கேள்விகளுக்கு மலிவான பழைய முறைகளையும் வெளிச் சேவையையும் நாடவேண்டும். சிலிக்காவையே முழுநேர வேலையாகக் கொண்ட குழுவுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு டி.ஜி.ஏ.தான் முதல். பலரைக் கவரும் எஸ்.டி.ஏ., மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் ஏமாற்றத்தையே தரும்.

மருந்துப்பொருளில் எழும் கேள்விகள்

இலக்டோசு ஒற்றைநீரேற்று (பளிங்கினுள் ஒரு மூலக்கூறு நீரைக் கொண்ட பாற்சர்க்கரை) என்ற, குளிசையில் மருந்தோடு சேர்க்கும் சாதாரணத் துணைப்பொருளை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ எல்லாக் குளிசைத் தொழிற்சாலையிலும் மூட்டை மூட்டையாக இருப்பது. டி.எஸ்.சி.யில் நிமிடத்துக்கு 10 பாகை செல்சியஸ் வேகத்தில் சூடாக்கினால் 145 முதல் 150 பாகை வரையில் ஒரு பெரிய வெப்பம் உறிஞ்சும் குழியும், 215 பாகையை அண்டி இன்னொன்றும் வரும். புதிதாகக் கருவியில் உட்கார்ந்தவர் முதற்குழியை உருகுதல் என்று எழுதிவிடக்கூடும். அதே தூளை டி.ஜி.ஏ.யில் வைத்தால் முதற்குழி வந்த இடத்திலேயே திணிவு 5 சதவீதம் குறைகிறது. ஒரு மூலக்கூறு நீருக்குரிய கணக்கும் சரியாக அதுவே. ஆகவே முதலாவது நீர் வெளியேறுதல், இரண்டாவதே சிதைவோடு சேர்ந்த உருகுதல். நீரேற்று எது, உருகுதல் எது என்று பிரித்தறிய டி.ஜி.ஏ. எவ்வளவு வலுவானது என்பதற்கு இந்த ஒரு தூளே போதும். ஆனால் இதே விடையை ஒரு சிறு தந்திரத்தால் டி.எஸ்.சி.யிலும் பெறலாம். மூடியில் ஊசித்துளை இட்ட கிண்ணத்திலும் முற்றாக அடைத்த கிண்ணத்திலும் தனித்தனியே ஓட்டினால், நீர் வெளியேறும் குழி இடம்பெயரும் அல்லது உருமாறும். உருகும் குழி பெரிதாக அசையாது. கார்ல் பிஷர் நியமிப்பில் நீரின் அளவையும் பெற்றுவிட்டால் டி.ஜி.ஏ. இல்லாமலே வழக்கு முடிந்துவிடும்.

மறுபக்கத்தில் கார்பமசெபீன் இருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் இந்த மருந்தின் மூன்றாம் பளிங்குருவம் 175 பாகையை அண்டி உருகி, அந்த உருகலிலிருந்தே முதலாம் உருவம் பளிங்காகி, அது 190 பாகையை அண்டி மறுபடி உருகும். குழி, மேடு, குழி என்று டி.எஸ்.சி. வளையியில் இந்த மூன்றும் வரிசையாகத் தெரியும். டி.ஜி.ஏ.யில் இந்த மாற்றங்களின் தடயமே இராது. திணிவு மாறாத மாற்றத்தைத் தராசு எப்படிக் காணும்? ஈரமான இடத்தில் வைத்த கார்பமசெபீன் குளிசைகள் ஈரத்தை ஏற்று இறுகி, செயல்திறனில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990 இல் எச்சரித்தது. பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டும் கொழும்பில் அந்த எச்சரிக்கையின் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஈரத்தை ஏற்று உருவாகும் இருநீரேற்றில் நீரின் பங்கு 13.2 சதவீதம். அதைக் கண்டுபிடிக்கத் தராசு உதவும். ஆனால் நீர் போனபின் எந்த உருவம் மிஞ்சியது என்பதை அறிய டி.எஸ்.சி.யும், உறுதிப்படுத்த எக்ஸ்-கதிர் விளிம்புவளைவும் வேண்டும்.

ஒரே மருந்து பல பளிங்குருவங்களில் வரும் பல்லுருவம் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்று கேட்போருக்கு ரிட்டோனவிர் கதையே விடை. எயிட்ஸ் சிகிச்சைக்கான அந்த மருந்து 1996 இல் சந்தைக்கு வந்தது. அதுவரை அறியப்படாதிருந்த, கரைதிறன் குறைந்த இன்னொரு பளிங்குருவம் 1998 இல் திடீரெனத் தோன்றியதும் கப்சூல்கள் கரைதல் சோதனையில் தவறத் தொடங்கின. கடைசியில் கப்சூலையே சந்தையிலிருந்து எடுக்க நேர்ந்தது. மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பு அடுத்த ஆண்டு வெளியிட்ட கியூ6ஏ வழிகாட்டி பல்லுருவங்களைத் தேடுவதற்கான படிமுறையை வகுத்துக் காட்டியபோது, வெப்பப் பகுப்பாய்வும் அதற்குரிய கருவிகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

பளிங்குருவற்ற மருந்துகளுக்கு வந்தால் தராசு அறவே உதவாது. வலியும் வீக்கமும் தணிக்கும் மருந்தான இண்டொமெத்தசினின் கண்ணாடி நிலைமாற்றம், அது உலர்ந்திருக்கும்போது, ஏறத்தாழ 42 பாகை. சேமிப்பு வெப்பநிலை அந்த நிலைமாற்றத்துக்கு 50 பாகை கீழே இருக்கவேண்டும் என்பது துறையில் புழங்கும் பெருவிரல் விதி. 30 பாகைக் களஞ்சிய அறைக்கும் 42க்கும் இடையே இருப்பதோ வெறும் 12 பாகை. அதிலும் ஈரம் ஏறினால் நிலைமாற்றம் இன்னும் கீழே இறங்கும். இத்தகைய சிறு படிபோன்ற மாற்றம் மற்றச் சமிக்ஞைகளோடு கலந்து வரும்போது பிரித்துக் காண, 1990களின் தொடக்கத்தில் மைக் ரீடிங் குழுவினர் கொண்டுவந்த வெப்பநிலை அலைவு டி.எஸ்.சி. முறை உதவும். கருவியோடு அந்த மென்பொருளையும் சேர்த்து வாங்குவது பணத்துக்குத் தகும் என்பது என் கருத்து.

மருந்தும் துணைப்பொருளும் ஒத்துப்போகின்றனவா என்று ஒன்றுக்கு ஒன்று கலந்து பார்க்கும் விரைவுச் சோதனைக்கும், உருகு வளையியின் வடிவிலிருந்து தூய்மையைக் கணிப்பதற்கும் டி.எஸ்.சி.யே பயன்படுகிறது. இரண்டையும் அளவோடு நம்பவேண்டும். தூய்மைக் கணிப்பு ஏறத்தாழ 98 சதவீதத்துக்கு மேற்பட்ட, சிதையாமல் உருகும் பொருளுக்கே செல்லும். உருகும்போதே சிதையும் அஸ்பிரினுக்குச் செல்லாது. கலவைச் சோதனையில் உருகு குழி மாறினால் அது ஐயம் மாத்திரமே, தீர்ப்பு அன்று. ஒன்று மற்றொன்றின் உருகலில் கரைந்தாலும் குழி மாறும்.

அழகுசாதனம்

உதட்டுச்சாயம், முகக் கிறீம், வெயிற்காப்புப் பூச்சு, முகப் பவுடர் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், வெப்பப் பகுப்பாய்வின் கண்ணுக்கு இவை வெவ்வேறு உலகங்கள்.

உதட்டுச்சாயம் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கலவை. தேன்மெழுகு 62 முதல் 65 பாகையிலும், கார்னோபா மெழுகு 82 முதல் 86 பாகையிலும் உருகும். கொக்கோ வெண்ணெயிலோ ஆறு பளிங்குருவங்கள். விரும்பப்படும் ஐந்தாவது உருவம் 34 பாகையை அண்டி உருகும். புறக்கோட்டைக் கடையொன்றின் கண்ணாடி அலுமாரியில் நண்பகலில் இருக்கும் வெப்பத்தில் கலவையின் எத்தனை பங்கு ஏற்கெனவே உருகிக் கிடக்கும் என்பதே தயாரிப்பாளரின் கேள்வி. டி.எஸ்.சி. வளையியின் கீழுள்ள பரப்பை 40 பாகை வரை தொகுத்து மொத்தப் பரப்பால் வகுத்தால் ஓரளவான விடை கிடைக்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. முதற்தடவை சூடாக்கும்போது கிடைக்கும் வளையி, பொருள் எப்படி ஊற்றப்பட்டது, எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, எத்தனை மாதம் இருந்தது என்ற வரலாறு முழுவதையும் சுமந்து வரும். உருக்கிக் குளிரவைத்து இரண்டாந்தடவை சூடாக்கினால் வரலாறு அழிந்து, கலவையின் சூத்திரம் மட்டும் பேசும். வாடிக்கையாளர் குறைகூறித் திருப்பி அனுப்பிய குச்சியை ஆராய்பவர் முதல் வளையியையும், புதிய மெழுகு வழங்குநரை ஒப்பிடுபவர் இரண்டாவது வளையியையும் பார்க்கவேண்டும். அறிக்கைகளில் இந்த வேறுபாடு குறிப்பிடப்படாமல் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் சேர்ந்த தலைக் கிறீம் கொழும்பில் இளகியே இருக்கும். நுவரெலியாவுக்குப் போனால் இறுகும். எண்ணெய் உருகுவது 24, 25 பாகையில். ஆனால் குளிரும்போது அது உறைவது அதற்குப் பல பாகை கீழே. இந்த இடைவெளியை அளக்க மாதிரியை அறை வெப்பநிலைக்குக் கீழே கட்டுப்பாட்டோடு குளிர்விக்கவேண்டும். குளிர்விப்பான் இல்லாத கருவியால் அது ஆகாது.

கிறீம்களுக்குக் குளிர்விப்பான் இன்னும் முக்கியம். எண்ணெயில் சிதறிய நுண்ணிய நீர்த்துளிகள் 40 பாகை பூச்சியத்துக்குக் கீழ் வரும்வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். தொடர்ந்த ஊடகமாக இருக்கும் நீரோ 15 முதல் 25 பாகை கீழேயே உறைந்துவிடும். ஒரு கிறீமைக் குளிர்வித்து உறையும் மேடு எங்கே வருகிறது என்று பார்த்தால், அது நீரில் சிதறிய எண்ணெயா, எண்ணெயில் சிதறிய நீரா, சேமிப்பின்போது துளிகள் ஒன்றுசேர்ந்துவிட்டனவா என்று சொல்லிவிடலாம். டி.ஜி.ஏ.க்கும் கிறீமில் வேலை உண்டு. செற்றோஸ்டியரில் அற்ககோல் போன்றவற்றால் ஆன படலங்களுக்கிடையே சிக்கிய நீர், தளையற்ற நீரைவிடப் பிந்தியே வெளியேறும். அந்தப் பங்கீட்டைத் திணிவு வளையி காட்டும். இருந்தாலும் திறந்த தட்டில் வைத்த கிறீம், உலை மூடுவதற்குள்ளேயே நீரை இழக்கத் தொடங்குவதால், ஒரே சீரான நேரத்தில் ஏற்றும் கைப்பழக்கம் இல்லாதவரின் எண்களை நான் நம்பமாட்டேன்.

வெயிற்காப்புப் பூச்சிலும் பவுடரிலும் நிலைமை தலைகீழ். பூச்சை வளியில் 700 பாகை வரை எரித்தால் சிங்க் ஒட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் மிச்சமாகும். சூத்திரத்தில் சொன்ன அளவு உண்மையில் இருக்கிறதா என்று ஒரே ஓட்டத்தில் தெரியும். முகப் பவுடரில் கயோலின் 450 முதல் 600 பாகைக்குள் தன் ஐதரொட்சில் நீரை, தூய்மையானால் 13.9 சதவீதத்தை, இழக்கும். டால்க் 800 பாகைக்கு மேலேதான் 4.7 சதவீதத்தை இழக்கும். பொரலஸ்கமுவைக் கயோலினைப் பயன்படுத்துபவர் அதிலுள்ள மணலின் அளவைப் பற்றி ஐயுற்றால், 573 பாகையில் படிகக்கல் உருமாறும் சிறு குழியை வெப்ப வளையியில் தேடலாம். இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு, 600 பாகைக்கு மேல் அலுமினியக் கிண்ணத்தோடு போகமுடியாத வழக்கமான டி.எஸ்.சி. பயனற்றது.

நுண்துளைச் சிலிக்கா

மொபில் நிறுவன ஆய்வாளர்கள் 1992 இல் வெளியிட்ட எம்.சி.எம்.-41, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் 1998 இல் உருவான எஸ்.பி.ஏ.-15 ஆகியவை ஒழுங்கான துளைகள் கொண்ட சிலிக்காக்களுக்கு முன்மாதிரிகள். முன்னதன் துளைகள் பெரும்பாலும் 2 முதல் 4 நனோமீற்றர். பின்னதன் துளைகள் ஏறத்தாழ 5 முதல் 10. இங்கே டி.ஜி.ஏ.யின் ஆட்சிதான். துளைகளை உருவாக்க வார்ப்புருவாக இட்ட மேற்பரப்புச் செயலி எரிந்து முடிந்ததா, துளைச் சுவரில் ஒட்டிய அமீன் தொகுதி எத்தனை, ஏற்றிய மருந்து எத்தனை சதவீதம் என்ற கேள்விகள் எல்லாமே திணிவுக் கேள்விகள்.

சிலிக்காவின் மேற்பரப்பிலுள்ள சிலனோல் தொகுதிகளை (சிலிக்கனோடு ஒட்டிய ஐதரொட்சில்களை) எண்ணுவதும் டி.ஜி.ஏ.யால் ஆகும். ஒட்டிநிற்கும் நீர் 200 பாகைக்குள் போய்விடும். அதற்குமேல் 1000 பாகை வரை போவது பெரும்பாலும் இரண்டு சிலனோல்கள் இணைந்து விடும் நீர். கிராமுக்கு 700 சதுர மீற்றர் மேற்பரப்புள்ள சிலிக்கா அந்த இடைவெளியில் 3 சதவீதத்தை இழந்ததென்றால், ஒரு சதுர நனோமீற்றருக்கு ஏறத்தாழ 2.9 ஐதரொட்சில் இருந்ததாகக் கணக்கு வரும். முழுமையாக நீரேற்றப்பட்ட சிலிக்காவுக்கு ஆய்வாளர் சுராவ்லெவ் தந்த எண் 4.6 முதல் 4.9 வரை, ஒப்பிட்டுப் பார்த்துச் சூளையின் வெப்பம் மிகுந்ததா என்று முடிவு செய்யலாம்.

நெல் உமியிலிருந்து சிலிக்கா எடுக்க விரும்புவோர் நம் நாட்டில் ஏராளம். உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. அமிலத்தில் கழுவாத உமியை எரித்தால் அதிலுள்ள பொற்றாசியம் சிலிக்காவை உருகவைத்துக் காபனை உள்ளே பூட்டிவிடும். சாம்பல் கறுப்பாகவே நிற்கும். டி.ஜி.ஏ.யில் கழுவிய உமியையும் கழுவாததையும் அருகருகே வளியில் ஓட்டினால் காபன் எரிந்து முடியும் இடத்திலேயே வித்தியாசம் தெரியும். உதட்டிலும் முகத்திலும் போகப்போகும் சிலிக்காவாயின் இன்னொரு கேள்வியும் உண்டு. பளிங்குருவற்றதாக இருக்கவேண்டிய சாம்பல், அளவுக்குமேல் சூடாகிக் கிறிஸ்டோபலைட் என்ற பளிங்குச் சிலிக்காவாக மாறியிருந்தால் அது மூச்சோடு உட்செல்லும்போது தீங்கானது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் பளிங்குச் சிலிக்காவை முதற்பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியிருக்கிறது. கிறிஸ்டோபலைட்டின் உருமாற்றம் 270 பாகைக்குச் சற்றுக் கீழே டி.எஸ்.சி.யில் தெரியலாம்; தராசில் தெரியாது. எனினும் இதை எக்ஸ்-கதிரிடம் ஒப்படைப்பதே மேல்.

அப்படியானால் சிலிக்காவுக்கு டி.எஸ்.சி. வேண்டாமா? மருந்து ஏற்றிய சிலிக்காவைப் பார்ப்போம். எம்.சி.எம்.-41 இல் இப்யூபுரோபெனை ஏற்றிய வயெட்-ரெகி குழுவின் 2001 ஆம் ஆண்டு ஆய்வுக்குப்பின் இந்தத் துறையில் அனைவரும் தொடக்கத்தில் எடுத்துப் பார்க்கும் மருந்து அதுவே. ஒரு மாதிரியின் டி.ஜி.ஏ. 30 சதவீத மருந்து என்கிறதென்று வைத்துக்கொள்வோம். அது துளைக்குள்ளேயா, வெளியே தூளாக ஒட்டியா என்று தராசுக்குத் தெரியாது. அதே மாதிரியை டி.எஸ்.சி.யில் ஓட்டினால் 76 பாகையை அண்டி மாதிரியின் கிராமுக்கு 6 யூல் அளவில் சிறு உருகு குழி வருகிறது. தூய பளிங்கு இப்யூபுரோபெனுக்குக் கிராமுக்கு ஏறத்தாழ 124 யூல் என்பதால், மாதிரியில் 5 சதவீதம் வெளியே பளிங்காகக் கிடக்கிறது. மீதி 25 சதவீதமே துளைகளில் பளிங்குருவற்று அடங்கியிருக்கிறது. மருந்தேற்றிய சிலிக்கா என்று சொல்லி வெறும் கலவையை விற்பதற்கும் உண்மையான ஏற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சிறு குழிக்குள் இருக்கிறது.

துளையின் அளவையும் டி.எஸ்.சி. சொல்லும். துளைக்குள் அடைபட்ட பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழேயே உருகிவிடும்; துளை சிறிதானால் இறக்கம் பெரிது. புரன் குழுவினர் 1977 இல் தந்த சமன்பாட்டின்படி நீர் 10 பாகை முன்னதாக உருகினால் துளையின் ஆரம் ஏறத்தாழ 4 நனோமீற்றர். நைதரசன் உறிஞ்சல் முறைக்கு மாதிரியை வெற்றிடத்தில் உலர்த்தவேண்டும். உலர்த்தினால் சுருங்கிப்போகும் ஈரக் களிகளுக்கு இம்முறையே கைகொடுக்கும். ஆனால் விட்டம் 3 நனோமீற்றருக்குக் குறைந்த துளைகளில் நீர் வழக்கமான முறையில் பளிங்காவதில்லை. எஸ்.பி.ஏ.-15 க்குப் பொருந்தும் இம்முறையை எம்.சி.எம்.-41 க்கு எடுத்துப்போகும்போது கவனம் வேண்டும்.

இரண்டும் சேர்ந்த கருவி

ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்ற எண்ணத்தோடு எஸ்.டி.ஏ.யைத் தேடுவோர் பலர். இரண்டு தனிக் கருவிகளைவிட விலை குறைவு. இலக்டோசின் முதற்குழி எது என்ற வழக்கை ஒரே ஓட்டத்தில் தீர்த்துவிடும். 1000 பாகைக்கு மேலும் போகும். கயோலின், டால்க், உமிச் சாம்பல் என்று கனிமப் பொடிகளோடு மட்டும் வாழ்பவருக்கு நான் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன்.

மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் வரும்போது மூன்று தடைகள் தெரிகின்றன. தராசில் தொங்கும் தட்டின் வெப்பச் சமிக்ஞை, பொருத்திவைத்த டி.எஸ்.சி. உணரியின் கூர்மைக்கு வராது. உருகுதல் தெரியும், இண்டொமெத்தசினின் மெல்லிய கண்ணாடி நிலைமாற்றம் அடிக்கோட்டின் நெளிவில் தொலைந்துபோகலாம். கிண்ணம் திறந்தே இருக்கவேண்டியிருப்பதால் நீரும் நறுமணமும் ஓடும். அடைத்த கிண்ணத்தில் மாதிரியின் இயல்பைப் பார்க்கும் வழி அடைபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அறை வெப்பநிலையிலிருந்துதான் தொடங்குகின்றன. கிறீமின் உறைவும் தேங்காய் எண்ணெயும் துளைக்குள் உறையும் நீரும் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

வெளியே அனுப்புவதும் மலிவான மாற்றுகளும்

ஹோமாகமவிலுள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக், கொழும்பின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்றவை கட்டணத்துக்குச் சோதனை செய்து கொடுப்பவை. அனுப்புமுன் கேட்கவேண்டியவை: கருவி எது, குளிர்விப்பான் உண்டா, எந்த வாயு, எந்தக் கிண்ணம், மூல எண்தரவு தருவார்களா? வெறும் படமாக வரும் வளையியை மறுபடி கணக்கிட முடியாது.

டி.எஸ்.சி.யை முதலில் வாங்கச் சொல்வதற்கு எனக்குள்ள முக்கிய நியாயம் இங்கேதான் இருக்கிறது. திணிவு பற்றிய கேள்விகள் பலவற்றுக்குப் பழைய, மலிவான விடைகள் உண்டு: உலர்த்தும் அடுப்பு, கார்ல் பிஷர், சாம்பலாக்கும் உலை. வெயிற்காப்புப் பூச்சின் மிச்சத்தை ஒரு பீங்கான் கிண்ணத்திலும் ஒரு நல்ல தராசிலும் கண்டுவிடலாம். டி.எஸ்.சி.யின் கேள்விகளுக்கு அப்படியான மாற்று, சூடேற்றும் மேடை பொருத்திய நுணுக்குக்காட்டி ஒன்றே. அது உருகுதலையும் உருமாற்றத்தையும் கண்ணால் காட்டும், வெப்பத்தை அளக்காது. தவிர, நிலையற்ற பளிங்குருவமும் பளிங்குருவற்ற மருந்தும் கொழும்பின் வெக்கையில் முச்சக்கரவண்டியில் ஹோமாகமவுக்குப் போய்ச் சேர்வதற்குள் உருமாறிவிடக்கூடும். சிலிக்காவோ வழியில் ஈரத்தைக் குடித்தாலும், 150 பாகையில் வரும் உலர்ந்த திணிவை அடிப்படையாக வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம், அதற்குமுன் மருந்து ஆவியாகாத வரையில்.

ஓர் எதிர்வாதம் வலுவானது. ஒரு பொருள் எங்கே சிதைகிறது என்று தெரியாமல் அதை டி.எஸ்.சி.யில் சூடாக்கினால், புகையும் தாரும் உணரியில் படிந்து கருவியே பாழாகும். எனவே முதலில் டி.ஜி.ஏ., பிறகு டி.எஸ்.சி. என்ற ஒழுங்கு பாடநூல்களிலேயே உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை மட்டும் வெளியே டி.ஜி.ஏ. ஓட்டி, சிதைவு தொடங்கும் வெப்பநிலையை ஓர் ஏட்டில் எழுதிவைத்து, அதற்கு 20 பாகை கீழேயே நிறுத்துவது இதற்குப் போதுமான காப்பு.

கொழும்பில் வைத்து இயக்கும்போது

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ரூபாயின் மதிப்பும் அந்த ஆண்டில்தான் டொலருக்கு 200ஐச் சுற்றியிருந்து 360ஐ எட்டியது. அந்த அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. யூ.பி.எஸ். கருவிக்கு மட்டுமன்றிக் குளிர்விப்பானுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படவேண்டும். நுகர்பொருட்களின் செலவும் முன்கூட்டியே பார்க்கப்படவேண்டும்: டி.எஸ்.சி. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு புதிய அலுமினியக் கிண்ணத்தைத் தின்னும், டி.ஜி.ஏ.யின் பிளாற்றினத் தட்டைச் சுடரில் சுட்டு மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். இந்த ஒரு விடயத்தில் டி.ஜி.ஏ. தெளிவாக மேல்.

குளிர்விப்பான் இயங்கும்போது கலத்தைத் திறந்தால் கொழும்பின் ஈரம் உடனே பனியாகப் படியும். உலர்ந்த நைதரசன் இடைவிடாது ஓடவேண்டும். சிலிண்டர் முடியும் நாளை முன்னறிந்து அடுத்ததைக் கட்டளையிடுபவர் ஒருவர் இருக்கவேண்டும்.

விலைமனுக் கோரும் கேள்விப்பத்திரத்தில் எழுதவேண்டியவை

குளிர்விப்பான் மேலதிகத் தெரிவாக அல்லாமல் கருவியின் பகுதியாகவே விவரக்கூற்றில் இடம்பெறவேண்டும். இல்லையேல் விலை குறைந்த விலைமனு அதை விட்டுவிட்டு வந்து வெல்லும். பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகையாவது எட்டுவது நல்லது. விலைமனுதாரர்கள், கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் உலோகமான இண்டியத்தின் பளபளப்பான வளையியை மட்டும் காட்ட அனுமதிக்கக்கூடாது; 156.6 பாகையில் கிராமுக்கு ஏறத்தாழ 28.5 யூல் எடுத்து உருகும் இண்டியத்தை எந்தக் கருவியும் அழகாகக் காட்டும். உருக்கிக் குளிர்வித்த இண்டொமெத்தசினையும், நீரில் ஊறிய எஸ்.பி.ஏ.-15 ஐயும், ஆய்வுகூடத்தின் சொந்தக் கிறீம் ஒன்றையும் கொடுத்து ஓட்டச் சொல்லவேண்டும். டி.ஜி.ஏ. வாங்குபவர் கல்சியம் ஒட்சலேற்று ஒற்றைநீரேற்றைக் கொடுத்து, நீர் 12.3, காபனோரொட்சைட்டு 19.2, காபனீரொட்சைட்டு 30.1 சதவீதமாக மூன்று படிகளும் வருகின்றனவா என்று பார்க்கட்டும். கூடவே ஈரமான சிலிக்காவைத் தட்டில் வைத்து, ஓட்டம் தொடங்குமுன் தொடக்கத் திணிவு எவ்வளவு நேரத்தில் நிலைபெறுகிறது என்றும் கேட்கட்டும்.

பராமரிப்புப் பொறியியலாளர் இலங்கையில் இருக்கிறாரா, அல்லது சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரவேண்டுமா, வந்தால் பயணச்செலவு யாருடையது என்பவை ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். உத்தரவாதக் காலம் துறைமுகத்தில் பெட்டி இறங்கிய நாளிலிருந்து அன்றி, கருவி நிறுவப்பட்டு மேற்சொன்ன மாதிரிகள் நம் அறையிலேயே ஓட்டிக் காட்டப்பட்ட நாளிலிருந்து தொடங்கவேண்டும்.